நனையாதவர்கள்

நெடுங்காட்டூரில் மழை பிடித்துக்கொண்டு டீக்கடையை விட்டு வெளியே போக முடியாமல் உட்கார்ந்திருப்பவர்கள், ஊரில் முதன்முதலாகத் தண்ணீர் தொடாமல் விட்டது பூபதி வாத்தியாரைத்தான் என்று இன்றைக்கும் பேச்சுவாக்கில் சொல்வார்கள். அது ஐப்பசி மாதம் என்றும், பேருந்து நிலையத்துக்குக் கூரை போட்ட வருஷம் என்றும், அந்த வருஷம்தான் விலை போகாத தக்காளியை ரோட்டில் கொட்டினார்கள் என்றும், மூன்றையும் ஒரே குரலில் சொல்லிவிட்டு டீயைக் குடித்து முடிப்பார்கள்.

பூபதி அப்போது வாத்தியார் வேலையை விட்டிருந்தான். அதற்கு முன்னால் ஊரிலிருந்த தனியார் பள்ளியில் வேதியியல் நடத்திக்கொண்டிருந்தான், சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை, ஆனால் பள்ளி விட்டபிறகு ஆய்வகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவான், சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து ஆட்கள் தங்கள் கிணற்றுத் தண்ணீரைப் பிராந்தி பாட்டிலிலும் ஊறுகாய் ஜாடியிலும் தூக்குப்போசியிலும் கொண்டுவந்து அவன் முன்னால் வைப்பார்கள், அவன் அதில் இரண்டு சொட்டு இது விட்டு இரண்டு சொட்டு அது விட்டு, இது குடிக்கலாம், இது மாட்டுக்கு ஆகும், இது தென்னைக்கு மட்டும் விடுங்கள் என்று சொல்லி அனுப்புவான், யாரிடமும் காசு வாங்கமாட்டான். ஒருமுறை ஐஸ் ஃபேக்டரிக்காரரின் தண்ணீரில் சாக்கடை கலந்திருக்கிறது என்று ஊர்க் கூட்டத்தில் எழுந்து சொல்லிவிட்டான், ஃபேக்டரி மூடிப்போனது, ஐஸ்காரரின் ஆட்கள் அவன் மோட்டார் சைக்கிளை எரித்துவிட்டார்கள், அதற்குப் பிறகு அவன் பள்ளிக்கு நடந்தே போய்வந்தான். அப்படி நடந்துபோகையில்தான், வாத்தியார் சொன்னால் சரியாக இருக்கும் என்ற பேச்சு ஊரில் வேர் பிடித்தது.

அந்தப் பேச்சைத்தான் சாய ஆலைக்காரர்கள் விலைக்குக் கேட்டு வந்தார்கள். மேலாளர் சிவப்பிரகாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் கூச்சமில்லாமல் உட்கார்ந்து, பூபதியின் மனைவி கோகிலா கொண்டுவந்து வைத்த போண்டாவை ரசித்துத் தின்றார்.

"வேலை ஒண்ணும் பெருசா இல்லீங்க வாத்தியாரே. எங்க ஆலையால எந்தத் தண்ணியும் கெடலைன்னு நீங்க சொல்லோணும். அவ்வளவுதான்."

"கெடாம இருந்தாச் சொல்லறனுங்க."

"அதைத்தானே நாங்களும் சொல்றோம். சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. நீங்க சொன்னா நம்புவாங்க. நம்பறதுக்குத்தான் சம்பளம்."

பிறகு சம்பளத்தைச் சொன்னார். சமையலறையில் சட்னி அரைத்துக்கொண்டிருந்த மிக்ஸி நின்றது. பூபதி யோசிக்க ஒரு வாரம் கேட்க வேண்டும் என்றுதான் நினைத்தான், ராத்திரிகள் தூக்கமில்லாமல் புரள வேண்டியிருக்கும், கோகிலாவோடு சண்டை வரும், கடைசியில் முடியாது என்று சொல்லிவிடுவோம் என்றெல்லாம் மனதுக்குள் ஓடியது, ஆனால் தட்டில் கடைசிப் போண்டா இருக்கும்போதே அவன் தலை தானாக ஆடிவிட்டது. கனமான மூட்டை என்று மூச்சைப் பிடித்துத் தூக்கினால் உள்ளே வெறும் பஞ்சு இருந்ததுபோல் இருந்தது. இவ்வளவு சுலபமாகவா என்று ஒரு கணம் தோன்றியது, அதுவும் போய்விட்டது. அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினான்.

ஆலைக்குள் போன சில வாரங்களிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. சாயக்கழிவை ஆற்றில் விட்டால் ஊர் பார்த்துவிடும் என்று, ஆலைக்குப் பின்னால் ஆழ்துளைக் கிணறு போட்டு அதன் வழியாகப் பூமிக்குள்ளேயே இறக்கிக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் தண்ணீரை மேலே எடுக்கப் போடுகிற குழாயில் இவர்கள் கழிவைக் கீழே அனுப்பினார்கள். பள்ளத்தில் இருந்தது கல்லுமடை என்ற ஊர். கல்லுமடைக்காரர்களுக்கு ஒரே பொதுக்கிணறு. கல்லுமடையில்தான் பூபதியின் அக்கா பாவாயி வாழ்க்கைப்பட்டு, புருஷனை இழந்து, நாலு கறவை மாடுகளை வைத்துக்கொண்டு மகள் சிந்துஜாவைப் படிக்கவைத்துக்கொண்டிருந்தாள். பூபதியையும் அவள்தான் வளர்த்தாள், அம்மா சீக்கிரம் போய்விட்ட வீட்டில் அவனைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டிப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனவள்.

கல்லுமடைக் கிணற்றில் வாடை வருகிறது என்று புகார் போய், பால் சொசைட்டி முன்னால் இருந்த களத்தில் கூட்டம் கூட்டினார்கள். அதிகாரிகள் வந்தார்கள், சிவப்பிரகாசம் வந்தார், ஊர் மொத்தமும் வந்து தரையில் உட்கார்ந்தது. மேலாளர் பேசியதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சொசைட்டி செயலாளர் சின்னராசு எழுந்து, "நீங்கெல்லாம் பேச வேண்டாமுங்க, வாத்தியார் சொல்லட்டும்" என்றார். எல்லோர் கண்ணெதிரிலும் கிணற்றில் ஒரு வாளி இறைத்தார்கள். ஆலைப் பையன் ஒருவன் அந்த வாளியை ஜீப்புக்குப் பின்னால் எடுத்துப்போய், கண்ணாடி டம்ளரில் ஊற்றி, தட்டில் வைத்துக் கொண்டுவந்தான். ஜீப்புக்குப் பின்னால் கேன் தண்ணீர் இருந்தது பூபதிக்குத் தெரியும். டம்ளரைக் கையில் வாங்கியபோது அதன் சில்லிப்பிலேயே தெரிந்தது.

அவன் அதை ஒரே மூச்சில் குடித்தான். வாயைத் துடைத்துக்கொண்டு, "நல்ல தண்ணிதானுங்க" என்றான்.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பாவாயி எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "என்ர தம்பியே குடிச்சுப்போட்டான், அப்பறம் என்ன?" என்று சொல்லிவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு நேரே கிணற்றடிக்குப் போனாள், இறைத்தாள், அங்கேயே ஒரு கை அள்ளிக் குடித்தாள், குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். அவளுக்குப் பின்னால் மற்றப் பெண்களும் குடத்தை எடுத்தார்கள்.

அன்று வீட்டுக்கு வந்து வாசல் குழாயில் கால் கழுவினான் பூபதி. குழாயிலிருந்து விழுந்த தண்ணீர் அவன் காலுக்கு ஒரு விரற்கடை மேலே வந்ததும் வளைந்து, சுற்றிக்கொண்டு, தரையில் விழுந்து ஓடியது. காலை இப்படித் திருப்பினான், அப்படித் திருப்பினான், தண்ணீரும் கூடவே திரும்பித் திரும்பி விலகியது.

"என்ன பண்றீங்க இவ்வளவு நேரம்?" என்றாள் கோகிலா.

"கழுவறேன், ஒட்ட மாட்டேங்குது."

அவள் வெளியே வந்து பார்த்தாள், கொஞ்ச நேரம் பார்த்தாள். "சோப்புப் போட்டுப் பாருங்க" என்றாள்.

சோப்புப் போட்டும் ஒட்டவில்லை. சுடுதண்ணீரும் ஒட்டவில்லை. காலையில் டாக்டரிடம் போனார்கள், அவர் தோல் வறட்சிக்குக் களிம்பு எழுதிக் கொடுத்தார். கோயிலுக்குப் போனார்கள், அர்ச்சகர் உள்ளங்கையில் விட்ட தீர்த்தம் கையைத் தொடாமல் வழுக்கி விழுந்தது, அர்ச்சகர் அவன் தலையில் கொஞ்சம் தெளித்துப் பார்த்துவிட்டு, விபூதி ஒட்டுகிறதே, பிறகென்ன, என்றார். குடித்தால் தண்ணீர் கூழாங்கல் உருண்டு போவதுபோல் உருண்டு உள்ளே போனது, தொண்டைக்கு ஈரம் தெரியவில்லை, தாகமும் எடுக்கவில்லை. கோகிலா ஒவ்வொரு நாள் காலையிலும் கடலை மாவைத் தேய்த்து உலர்ந்த துணியால் துடைத்துவிட்டாள், வாசனைப் பவுடர் போட்டாள், சில நாட்களில் அது பல் தேய்ப்பதுபோல் வீட்டு வேலைகளில் ஒன்றாகிவிட்டது.

முதலில் பக்கத்து வீட்டுக்காரி வந்தாள். மொட்டைமாடியில் வடகம் காய்கிறது, தூறல் போடுகிறது, வாத்தியார் சித்தே வந்து அதன்மேல் குனிந்து நிற்க முடியுமா என்று கேட்டாள், அவனும் போய் நின்றான், அவன் குனிந்த அளவுக்கு வடகம் நனையாமல் இருந்தது. பிறகு டியூஷனிலிருந்து குழந்தையை மழையில் மார்போடு அணைத்துக் கொண்டுவந்து விடச் சொன்னார்கள். பிறகு கோயில் குளத்தில் ஒரு பெண்ணின் தாலிக்கொடி விழுந்துவிட்டது என்று அழைத்துப்போனார்கள். அவன் படி இறங்கி நடக்க நடக்கத் தண்ணீர் இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றது, பாசியின்மேல் செருப்புக் காலோடு நடந்துபோய்க் கொடியை எடுத்துக்கொண்டு வந்தான், கரையில் நின்றவர்கள் கை தட்டினார்கள், கோயில் கமிட்டியில் ஒரு சால்வை போட்டார்கள். அத்தோடு ஊருக்கு அது பழகிவிட்டது.

அடுத்த மழைக்காலத்துக்குள் அவனைப்போல் இன்னும் பலர் ஆகியிருந்தார்கள். கல்லுமடையில் ஆலை நடத்திய இலவச முகாமில், அரிப்பெல்லாம் சூட்டினால் வருவது, இளநீர் குடியுங்கள் என்று சொன்ன டாக்டர் முதலில். பிறகு கிணற்றைப் பற்றி எழுதி வைத்திருந்ததைக் கிழித்துப்போட்டுவிட்டு ஆலையின் மரம் நடும் விழாவைப் பற்றி எழுதிய நிருபர். பிறகு கவுன்சிலர், பிறகு கவுன்சிலரின் மைத்துனர், பிறகு பள்ளித் தாளாளர். ஒவ்வொருவரும் கொஞ்ச நாள் மறைத்துப் பார்த்தார்கள், குடை பிடித்துக்கொண்டு நடந்தார்கள், முகத்தில் பன்னீரைத் தெளித்து ஈரமாக்கப் பார்த்தார்கள். ஆனால் மழை வந்து பேருந்து நிலையக் கூரைக்குள் ஊரே நெரிசலில் நின்றுகொண்டிருக்கும்போது, இவர்கள் மட்டும் நடு ரோட்டில் கையை வீசிக்கொண்டு, இஸ்திரி கலையாத சட்டையோடு, கார் நிற்கும் இடம்வரை நிதானமாக நடந்துபோவதைப் பார்த்த ஜனங்களின் கண்ணில் இருந்தது இரக்கமும் இல்லை, பயமும் இல்லை. அதை அவர்களும் கவனித்தார்கள். அதற்குப் பிறகு யாரும் குடை எடுத்துவரவில்லை.

கல்யாணத் தரகர்கள்தான் இதை ஒழுங்குக்குக் கொண்டுவந்தார்கள்.

"பையன் நனைவாருங்களா?" என்று பெண்ணின் அம்மா கேட்பாள்.

"ஐயோ, சுத்தமா நனைய மாட்டாருங்க. தீபாவளி மழைல ஸ்கூட்டர்ல போனாரு, தலை சீவுனது கலையலை" என்பார் தரகர்.

பெண் பார்க்க வருகிற மாப்பிள்ளையை வாசலில் வரவேற்கும்போது பன்னீர்ச் செம்பை நாலு தடவை ஓங்கி வீசித் தெளிக்கிற வழக்கம் அப்போது வந்ததுதான். பக்கத்துத் தாலுகாவிலிருந்து வந்த ஒருவன் உடம்பெல்லாம் மெழுகு பூசிக்கொண்டு வந்து, பந்தலில் ஹோமச் சூடு பட்டதும் மெழுகு உருகி வழிந்து, மூக்கு நுனியில் ஒரு சொட்டு வியர்வை நின்று, கல்யாணமே நின்றுபோனது. நனைகிற வீட்டுப் பிள்ளைகள் பள்ளியில் நனைகிறவர்கள் பெஞ்சில் உட்கார்ந்தார்கள், அப்படி யாரும் சட்டம் போடவில்லை, தானாக அப்படி அமைந்தது. குடைக்கடை வைத்திருந்தவர் கடையைப் பவுடர்க் கடையாக மாற்றினார். நனையாதவர்கள் ஏன் நனையவில்லை என்று ஊரில் யாரும் கேட்டதாக நினைவில்லை, எப்படி நனையாமல் ஆவது என்றுதான் கேட்டார்கள், அதற்கும் எல்லோருக்கும் பதில் தெரிந்திருந்தது.

பூபதி புதுவீடு கட்டினான். குளியலறைக்கு வெளிநாட்டு ஷவர் வைத்தார்கள். அவன் தினமும் காலையில் அதைத் திறந்துவிட்டு அதன் கீழே போய் நிற்பான், தண்ணீர் அவனைச் சுற்றிக் கண்ணாடிக் குடுவைபோல் விழும், உள்ளே அவன் உலர்ந்து நிற்பான், சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பான். சின்ன மகள் இலக்கியா முதலில் சிரித்துச் சிரித்து அவன்மேல் தண்ணீர் இறைத்து விளையாடுவாள், எந்தப் பக்கம் வளையப்போகிறது என்று முன்னாலேயே சொல்லிப் பந்தயம் கட்டுவாள், பிறகு அவளுக்கும் அலுத்துவிட்டது. அவள் முத்தம் கொடுத்தால் கன்னத்தில் ஏதோ பட்டது என்று தெரியும், வேறொன்றும் தெரியாது. சோற்றில் குழம்பு ஊற்றினால் குழம்பின் காரம் தெரியும், ஈரம் தெரியாது. கோபம் வருவது நின்றது, அதை எல்லோரும் நல்ல குணம் என்றார்கள்.

கல்லுமடையில் பாவாயியின் சினைமாடு கன்று போட்டது, கன்றுக்கு உயிர் இல்லை. அடுத்த மாடும் அப்படியே. பாவாயியின் பாதங்கள் வெடித்தன, கைகளில் கொப்புளம் வந்தது. பூபதி ஆலை வண்டியில் அவளுக்கு வாராவாரம் கேன் தண்ணீர் அனுப்பினான். போனில் கேட்டால், "அதை வீட்டுக்கு வர்ற ஒறம்பரை சனத்துக்குக் குடுக்கறண்டா, எனக்கெதுக்கு அது? கெணத்துத் தண்ணிதான் நாக்குக்குப் பழகிருச்சு" என்பாள். நெடுங்காட்டூருக்கு வந்து தன்னோடு இருக்கச் சொன்னான். மாட்டை யார் பார்ப்பது என்றாள். அவனுக்கு அதற்குமேல் ஒரே ஒரு வாக்கியம்தான் சொல்ல இருந்தது, அதை அவன் ஒவ்வொரு முறையும் போனைக் காதில் வைக்கும்போது நாக்கில் எடுத்து வைப்பான், பேச்சு முடிந்ததும் திரும்ப உள்ளே எடுத்துக்கொள்வான். சொல்லாததால் வலிக்கும் என்று எதிர்பார்த்தான், வலிக்கவில்லை.

பாவாயியின் முகம் வீங்கியது, கால் வீங்கியது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது, கொண்டுவரக் கொஞ்சம் நேரமாகிவிட்டது என்றார்கள். நல்ல அறையாக எடுத்தான் பூபதி, குளிர்சாதனம் இருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு சிந்துஜா கீழே கேண்டீனுக்குப் போயிருந்தாள். பாவாயி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தாள்.

"அக்கா."

"ம்."

"அன்னைக்கு சொசைட்டி களத்துல நான் குடிச்சது உங்க கெணத்துத் தண்ணி இல்லக்கா."

"தெரியுண்டா" என்றாள் பாவாயி.

அவன் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் தினமும் இறைக்கற கெணறு. வெய்யல்ல புடிச்சுப் பாத்தா அந்தத் தண்ணில ஒரு செவப்பு ஓடும். உன்ர டம்ளர்ல அது இல்ல. முன்னாலயே உக்காந்திருந்தனே, பாத்தேன்."

"அப்பறம் ஏங்க்கா குடிச்ச?"

பாவாயி மெதுவாக இந்தப் பக்கம் புரண்டாள், புரள்வதற்கு நேரமானது. "நீ நல்ல தண்ணின்னு சொல்லிப்போட்டு நின்னுட்டிருக்கற. ஊரே உன்ர மூஞ்சியப் பாக்குது. கூடப் பொறந்தவ நானே எழுந்திருக்கலைன்னா வேற யாரு எந்திரிப்பா? உன்ர வேலை போயிருமல்ல. அப்பத்தான் வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டிருந்த." மூச்சு வாங்கினாள். "கேன் தண்ணிய சிந்துவுக்குத்தான் குடுத்தேன். அவ வாய்ல கெணத்துத் தண்ணி ஒரு சொட்டுப் படலை. உங்கிட்டச் சொன்னா நீ வருத்தப்படுவயேன்னுதான் ஒறம்பரைக்குன்னு சொன்னேன்."

"அக்கா..."

"ஊருக்குச் சொல்லியிருக்கோணும். என்னயப் பாத்துத்தான் அவங்க குடிச்சாங்க. அது மட்டும் கொஞ்சம் உறுத்துது. விடு. சாப்பிட்டயா நீ?"

பூபதி வாயைத் திறந்தான். தனக்குள் இப்போது ஏதாவது உடையும் என்று காத்திருந்தான், இவ்வளவு கேட்ட பிறகு உடையாமல் இருக்காது என்று அறிவு சொன்னது, அவன் நாற்காலியின் கைப்பிடியைக்கூடப் பிடித்துக்கொண்டான். ஒன்றும் நடக்கவில்லை. குளிர்சாதனத்தின் இரைச்சல் கேட்டது. நர்ஸ் வந்து ஒரு ஊசிமருந்தின் பெயரைச் சொல்லி வாங்கிவரச் சொன்னாள், அவன் இறங்கிப் போய் வாங்கிக்கொண்டு வந்தான், வருகிற வழியில் இட்லியும் சாப்பிட்டான்.

பாவாயி தை மாதம் செத்துப்போனாள். கல்லுமடைக்குக் கொண்டுவந்து, வாசலில் பெஞ்சு போட்டுக் கிடத்தி, பிறந்த வீட்டுக் கோடித் துணி போட்டு, ஒவ்வொருவராகத் தண்ணீர் ஊற்றினார்கள். பூபதி ஊற்றிய தண்ணீர் அவள் நெற்றியில் பட்டு, கண்ணில் தேங்கி, வெடித்த பாதம் வரை போய், எல்லா இடத்திலும் அவளை நனைத்தது, அவன் விரலுக்கு ஒரு விரற்கடை தள்ளியே போனது. பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். அழாமல் நின்ற அவனைக் காட்டி, நனையாதவங்களுக்குக் கண்ணீரும் வராதாமா என்று ஒருத்தி கேட்க, அவங்களுக்கெல்லாம் மனசு பெருசு, உள்ளேயே வெச்சுக்குவாங்க என்று இன்னொருத்தி மரியாதையோடு சொன்னாள்.

கருமாதி முடிந்து விருந்துச் சாப்பாடு ஆனதும், பூபதி சொசைட்டி களத்தில் போய் நின்றுகொண்டு எல்லோரையும் கொஞ்சம் இருக்கச் சொன்னான். வெற்றிலையோடு வந்து உட்கார்ந்தார்கள். அவன் சத்தமாகவே சொன்னான்: அன்று குடித்தது கேன் தண்ணீர், இந்தக் கிணற்றில் இருப்பது விஷம், ஆலை பூமிக்குள் இறக்குகிற கழிவு, அது அன்றைக்கே எனக்குத் தெரியும், என் அக்காவைக் கொன்றது நான்தான், உங்கள் மாடுகளையும் நான்தான், இனி யாரும் அதைக் குடிக்க வேண்டாம். சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கல் வரும் என்று நினைத்தான். யாராவது ஒருவர் கல்லை எடுத்தால் அதன் வலியாவது தெரியலாம் என்று நினைத்தான்.

ராஜாமணி என்ற பெண், வயிற்றில் இருந்த பிள்ளையை ஆறாம் மாதத்தில் இழந்தவள், அவள் மட்டும்தான் எழுந்தாள். கை கழுவ வைத்திருந்த அண்டாவில் ஒரு சொம்பு மொண்டுகொண்டு வந்து, "தூ, நீயெல்லாம் ஒரு வாத்தியாரா?" என்று கத்தி, பலம்கொண்ட மட்டும் அவன் முகத்தில் வீசினாள். தண்ணீர் அவன் முகத்துக்கு முன்னால் இரண்டாகப் பிரிந்து போய், பின்னால் இருந்தவர்களை நனைத்தது. அவள் மறுபடி மொண்டு வீசினாள், மறுபடியும் அப்படியே. மூன்றாவது சொம்பை எடுக்கப்போனவளைப் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள்.

"உக்காரு ராஜாமணி. அவருக்கு ஒட்டாது" என்றார்கள்.

அவள் சொம்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து அழுதாள். பூபதி அவளையே பார்த்தான். அவன் பார்த்த அழுகைகளிலெல்லாம் அதுதான் மிகத் தொலைவில் இருந்தது.

சின்னராசு தொண்டையைச் செருமினார். "இதெல்லாம் எங்களுக்குந் தெரிஞ்சதுதானுங்க வாத்தியாரே. மாடே மொகத்தைத் திருப்புது, மனுசனுக்குத் தெரியாதுங்களா? கேன் வாங்கறவங்க வாங்கறாங்க, முடியாதவங்க குடிக்கறாங்க. என்னமோ மனசு கேக்காம சொல்லிட்டீங்க, சரி." கொஞ்சம் தயங்கினார். "நம்ம பெரியவன் டிப்ளமோ முடிச்சுட்டு வீட்டுலதான் இருக்கறானுங்க. ஆலைல ஏதாச்சும் ஒண்ணு பாத்து வெச்சீங்கன்னா..."

அவர் ஆரம்பித்து வைத்ததும் மற்றவர்களும் நெருங்கி வந்தார்கள். ஒருவருக்கு மகன், ஒருவருக்கு மருமகன், ஒருவருக்குத் தம்பி. அவர்கள் குரலில் குத்தல் எதுவும் இல்லை. பூபதி ஒவ்வொருவருக்கும் தலையை ஆட்டினான்.

அவன் கல்லுமடையில் பேசியது ஆலைக்கு மறுநாளே போய்விட்டது. சிவப்பிரகாசம் அவனை அறைக்குக் கூப்பிட்டு, காப்பி வரவழைத்தார். "சொன்னாச் சொல்லிட்டுப் போறீங்க சார். மனசு கனமா இருந்திருக்கும். யாரும் ஒண்ணும் பண்ணலையே?" என்றார்.

"இல்லீங்க."

"பாத்தீங்களா. நான் அப்பவே நெனச்சேன். காப்பி ஆறுது."

சாயங்காலம் சிந்துஜா போன் செய்தாள். எம்.எஸ்சி. வேதியியல் முடித்து ஒரு வருஷமாகியிருந்தது. "மாமா, உங்க லேப்ல ஒரு எடம் காலியா இருக்குதுன்னு சொன்னாங்க" என்றாள்.

"உனக்கு அது வேண்டாம் கண்ணு."

"ஏன் மாமா?"

"உங்கம்மாவை நெனச்சுப் பாரு."

"அம்மாதான் ஆஸ்பத்திரில சொல்லிட்டுப் போச்சு, மாமனைக் கேளு, மாமன் பாத்துக்குவான்னு. இருந்த மாட்டையும் வித்தாச்சு. பெங்களூர்ல எட்டு எடத்துல கேட்டுப் பாத்துட்டேன். நான் வேற என்ன பண்றது, நீங்களே சொல்லுங்க."

அவன் யோசித்தான். நெடுங்காட்டூரில் வேறு என்ன செய்யலாம் என்று உண்மையாகவே யோசித்தான். பள்ளி ஞாபகம் வந்தது, அந்தச் சம்பளம் ஞாபகம் வந்தது, எரிந்த மோட்டார் சைக்கிள் ஞாபகம் வந்தது. மறுமுனையில் அவள் காத்திருந்தாள், வேறு ஏதாவது சொல்லுங்கள் மாமா, கேட்டுக்கொள்கிறேன் என்பதுபோல் வெகுநேரம் காத்திருந்தாள்.

"சரி, சொல்லி வெக்கறேன்" என்றான்.

அவள் வேலைக்குச் சேர்ந்த அன்று காலையில் நல்ல மழை. ஆலை வண்டிகள் உள்ளே வந்தபடி இருந்தன, ஆட்கள் இறங்கி, மழைக்குள் பேசிச் சிரித்துக்கொண்டு, உலர்ந்த உடையோடு படியேறினார்கள். சிந்துஜா பஸ்ஸில் வந்து, மெயின் ரோட்டிலிருந்து நடந்து வந்தாள். தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தாள். புதுச் சுடிதாரின் சாயம் இறங்கிக் கணுக்காலில் ஊதாவாக ஓடியது, சடை நுனியிலிருந்து சொட்டியது, மூக்கு சிவந்து தும்மிக்கொண்டே வந்து பூபதியின் அறை வாசலில் நின்றாள், அவள் நின்ற இடத்தில் பளிங்குத் தரையில் தண்ணீர் பரவியது. வழியில் போனவர்கள் நாகரிகமாக அதைத் தாண்டிப் போனார்கள்.

"இரு, சளி புடிச்சுக்கும். துவட்டிக்கறதுக்கு ஏதாச்சும் எடுத்துட்டு வர்றேன்" என்று பூபதி எழுந்தான்.

கழிவறையில் போய்ப் பார்த்தான், அங்கே துண்டு மாட்டுகிற கம்பி இருந்தது, துண்டு இல்லை. சாப்பாட்டு அறையில் பார்த்தான். ஆய்வகத்தில் பார்த்தான். மேலாளர் அறை உதவியாளரிடம் கேட்டான், அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, துண்டுங்களா என்று அந்தச் சொல்லையே ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். வாட்ச்மேன் கூண்டுவரைக்கும் போய்க் கேட்டான். அந்தக் கட்டடம் முழுவதிலும் ஒரு துண்டு இல்லை. தன் கைக்குட்டையை எடுத்துப் பார்த்தான், எத்தனை நாளாகவோ மடித்த மடிப்பில் அப்படியே இருந்தது, அதை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தான்.

சிந்துஜா சடையைப் பிழிந்துகொண்டு நின்றிருந்தாள். உதடு குளிரில் நடுங்கியது. அவன் நீட்டிய கைக்குட்டையையும் அவன் முகத்தையும் பார்த்துவிட்டு, அவனுக்கு ஆறுதல் சொல்கிறவள்போல் லேசாகச் சிரித்தாள்.

"விடுங்க மாமா" என்றாள். "கொஞ்ச நாள்ல சரியாயிரும்னு சொல்றாங்க."